சங்குத்தட்டு மறுஓட்டம்

கையால் தட்டி ஒரு லினக்ஸ் இயந்திரத்தைத் தயார் செய்யத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இன்றைக்கு ஒன்பது பேர் மிஞ்சியிருக்கிறோம். அதில் ஒருவருக்குக் கை நடுக்கம், இன்னொருவர் கூப்பிட்டால் வரமாட்டார், மூன்று பேர் தெரியும் என்று புளுகுகிறார்கள். மற்ற யாருக்கும் இந்த வித்தை இப்போது வேண்டியதில்லை. 'கடல் கணக்கு ஒன்று போட வேண்டும்' என்று வாயால் சொன்னால் போதும். இயந்திரம் தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் பொருத்திக்கொண்டு விடையையும் சொல்லிவிடும். என் பழைய கீபோர்டின் மேல் என் மகள் காய் நறுக்கும் பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. என் பெயர் நிரோஷா, வயது அறுபத்திரண்டு. மறுஓட்டத் தீர்ப்பாயத்துக்கு ஆள் தேவைப்பட்டால் பெரும்பாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மறுஓட்டச் சட்டம் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஓர் இயந்திரம் போட்ட கணக்கால் வீடோ நிலமோ வேலையோ இழந்தவர் யாரானாலும், அந்தக் கணக்கைத் தன் கண்முன்னால் மறுபடி போட்டுக் காட்டச் சொல்லலாம். அதே நிரல், கணக்குப் போட்ட அதே கார்டு, அன்றைக்குத் தட்டிய அதே வரிகள். பழைய விடையே வந்தால் வழக்குத் தள்ளுபடி, யார் மேலும் குற்றமில்லை. வேறு விடை வந்தால், அன்று கையெழுத்துப் போட்டவர் விடையை வேண்டுமென்றே திருத்திவிட்டார் என்று சட்டம் முடிவு கட்டும். அவர் குற்றவாளி, இழந்தவருக்கு இழந்தது திரும்பும். மூன்றாவதாக ஒன்று நடந்திருக்கலாம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. இயந்திரங்களோடு மல்லுக்கட்டிப் பழகாதவர்கள் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

சங்குத்தட்டுக் கோப்பு எனக்கு வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே நூற்றிருபது வீடுகள் இருந்த மீனவர் ஊர் அது. பதினைந்து வருடத்துக்குள் கடல் அந்த ஊரைத் தின்றுவிடும் என்று 2032 அக்டோபரில் எங்கள் கடலோர ஆய்வு மையம் கணக்குப் போட்டுச் சொன்னது. அடுத்த பிப்ரவரியில் ஊரைக் காலி செய்தார்கள். அந்த இடத்தில் ஒரு சரக்குத்துறை வந்து, கொஞ்ச காலம் ஓடி, இப்போது பூட்டிக் கிடக்கிறது. கடல் வரவில்லை. முப்பத்திநான்கு வருடமாகியும் வரவில்லை.

இயந்திரத்தைத் தயார் செய்தவள் நான். நிரலை எழுதியவன், விடையில் கையெழுத்துப் போட்டவன், எபனேசர். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, அவனுக்கு முப்பத்திரண்டு. இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் களைத்துப்போய், சரி, எப்படியோ செய்துகொள்ளுங்கள் என்கிற இடத்துக்கு எங்கள் கல்யாணப் பேச்சு வந்திருந்தது. ஊர் காலியான நான்காவது மாதம் அவனுக்கு நார்வேயில் வேலை கிடைத்தது. துறைமுகக்காரர்களின் சிபாரிசு என்று மையம் முழுக்கப் பேசினார்கள். நான் கேன்டீனில், எல்லோர் முன்னாலும், "அந்த நம்பரை நீதானே மாத்தின?" என்று கேட்டேன். அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். பதில் சொல்லாதவன் குற்றவாளி என்று நான் எடுத்துக்கொண்டேன். பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. நல்ல மனிதர், ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை ஒருநாள் என் கையாலேயே திரும்பப் போட்டு எபனேசரின் முகத்திரையைக் கிழிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது.

தீர்ப்பாயம் தூத்துக்குடியில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. முதல் நாள் காலை கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். பதிவாளர் இசக்கிராஜ், ஐம்பது வயது, விதிப் புத்தகத்தைக் கையை விட்டு இறக்காத மனிதர். வழக்குப் போட்ட அமலோற்பவம். சங்குத்தட்டிலிருந்து பதினைந்து வயதில் வெளியேறியவர், இப்போது மீன் ஏற்றுமதிக் கூடம் ஒன்றில் மேற்பார்வையாளர். நான். சன்னலோரமாக, தலை முழுக்க நரைத்து, கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, எபனேசர். கையெழுத்துப் போட்டவர் உடனிருக்க வேண்டும் என்பது விதி.

"நல்லாருக்கியா நிரோ?" என்றான்.

"வேலையைப் பார்ப்போம்" என்றேன்.

மேசையில் எங்கள் 'நண்டு' இருந்தது. மையத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் கடல் பிராணிகளின் பெயர் வைத்திருந்தோம். இதில் கார்டைக் குறுக்காகப் பொருத்த வேண்டியிருந்ததால் நண்டு. மூடியைக் கழற்றியதும் ஒரு சூடான தூசி வாசனை வந்தது பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அந்த அறையின் குளிர், மின்விசிறிகளின் இரைச்சல், மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போட்டிருந்த என் ஸ்கூட்டர், மாலை நான்கு மணிக்கு வரும் பருப்பு வடை, எல்லாம் அந்த வாசனையோடு சேர்ந்து வந்தன. நான் குனிந்து ஏதோ திருகைத் தேடுகிற மாதிரி நேரம் கடத்தினேன்.

பழைய வட்டில் இயங்குதளம் கெட்டுப்போயிருந்தது. ஆனால் நிரலும், தரவும், அன்றைக்கு நான் தட்டிய கட்டளைகளின் வரலாறும் பத்திரமாக இருந்தன. இயந்திரம் நாம் தட்டுவதை ஒவ்வொரு வரியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். இருநூற்றுத் தொண்ணூற்றொரு வரிகள். இசக்கிராஜ் அவற்றை அச்சடித்து, எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரி' போடக் கட்டம் வரைந்து வைத்திருந்தார்.

"வரிசை மாறக்கூடாது மேடம். ஒரு வரி கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றார்.

தட்ட ஆரம்பித்தேன். கை எதையும் மறக்கவில்லை. அமலோற்பவம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளருகே உட்கார்ந்தார். "இதுல என்னக்கா செய்யுதீங்க? கணக்குப் போடணும்னா கணக்கைப் போட வேண்டியதுதான?"

"கணக்குப் போடுறது ஒரு கார்டும்மா. சாதாரணப் ப்ராசஸர் ஒரு நேரத்துல நாலஞ்சு கணக்குப் போட்டா, இது ஆயிரக்கணக்குல போடும். அந்தக் கார்டுல மென்பொருளை ஏத்துறது பத்து நிமிஷ வேலைதான். அதுக்கு முன்னாடி வீட்டை ஒழுங்கு பண்றதுதான் ஒரு நாள் ஆகும். கார்டு இருக்கா, கெர்னல் எந்தப் பதிப்பு, அதுக்குப் பொருத்தமான கோப்புகள் இருக்கா, கம்பைலர் சரியானதான்னு ஒவ்வொண்ணாக் கேக்கணும். கார்டை இயக்குற நிரலுக்கு டிரைவர்னு பேரு. கூடவே வந்த பழைய டிரைவர் கார்டைப் பிடிச்சு வச்சிருக்கும். அதை எழுப்பிவிட்டுட்டுத்தான் புதுசை உட்கார வைக்க முடியும்."

"பஸ்ல துண்டு போட்டு இடம் புடிச்ச மாதிரியா?"

"அதேதான். துண்டை எடுத்து, அவனைக் கறுப்புப் பட்டியல்ல போட்டு, பஸ்ஸை ஒருதரம் நிறுத்தி எடுக்கணும்."

சன்னலோரத்தில் எபனேசர் சிரித்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபத்தெட்டு வயது நிரோஷா அவசரக்காரி. அச்சடித்த தாளில் அவள் அப்பட்டமாகத் தெரிந்தாள். ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டிருக்கிறாள். தவறான கோப்புறையில் நின்றுகொண்டு 'கோப்பு இல்லை' என்ற இயந்திரத்தோடு சண்டை போட்டிருக்கிறாள். பன்னிரண்டு வரிகளுக்கு ஒருதரம் திரையைத் துடைத்திருக்கிறாள். அவள் செய்த தவறுகளையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் மறுபடி செய்தேன். அவள்மேல் எனக்குப் பாசம் பொங்கியது. இவளை யாராவது உட்கார வைத்து, கொஞ்சம் மெதுவாகப் போம்மா என்று சொல்லியிருக்கலாம்.

வரி அறுபத்தேழில் இசக்கிராஜ் தொண்டையைச் செருமினார். "இது கட்டளை மாதிரி தெரியலையே மேடம்."

பார்த்தேன். அந்தக் காலத்தில் ஒரே இயந்திரத்தில் இருப்பவர்கள் ஒருவர் திரைக்கு இன்னொருவர் எழுத்து அனுப்பலாம். ஆங்கில எழுத்தில் தமிழாக நான் அனுப்பியிருந்தேன்: 'எபி, இட்லி தீர்றதுக்குள்ள வா. சாம்பார் ஏற்கெனவே தீர்ந்திருக்கும்.'

"இதை விட்டுடலாமே" என்றேன்.

"விதியில அப்படி இல்லையே மேடம்."

என்ன செய்வது? காது சுடச் சுட எழுத்து எழுத்தாகத் தட்டினேன். கையெழுத்துக்காரருக்கென்று வைத்திருந்த இரண்டாவது திரையில் அது போய் விழுந்தது. எபனேசர் கண்ணாடியை மேலே தள்ளி நிதானமாகப் படித்தான்.

"அன்னைக்கு இட்லியும் தீர்ந்திருந்துச்சு" என்றான். "தயிர் சாதம்தான் சாப்பிட்டோம். ஊறுகாயை நீ எனக்குத் தரல."

இசக்கிராஜ் 'சரி' போட்டார்.

மதியம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பழைய டிரைவரை எடுத்தேன், இயந்திரத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன், என் பெயரில் உள்ளே நுழைந்தேன், புது டிரைவரை ஏற்றினேன், கணக்கு மென்பொருளை நிறுவினேன். வரி இருநூற்றுத் தொண்ணூறில், கார்டைத் தொட அனுமதி உள்ளவர்களின் குழுவில் என் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்தேன். பிறகு கை தானாக லாக்அவுட் செய்யப் போயிற்று.

"மேடம், மேடம்!" இசக்கிராஜ் எழுந்தே விட்டார். "அது பட்டியல்ல இல்ல."

"இருக்கும், பாருங்க."

"இல்ல மேடம். இதுக்கு அடுத்த வரியில நிரலை ஓட்டியிருக்கீங்க."

தாளை வாங்கினேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

"என்னக்கா?" என்றார் அமலோற்பவம்.

பழக்கத்தால் விளக்கினேன். "கார்டு இருக்கிற அறைக்குள்ள யார் போகலாம்னு ஒரு பட்டியல் இருக்கும்மா. அதுல பேரைச் சேர்த்தா மட்டும் பத்தாது. வாசல்ல நிக்கிறவன்தான் பட்டியலைப் பார்ப்பான். ஏற்கெனவே உள்ள உட்கார்ந்திருக்கிறவங்க எழுந்து வெளியே போய், திரும்ப வாசல் வழியா வரணும். இல்லேன்னா அவங்களுக்குக் கார்டே கண்ணுக்குத் தெரியாது."

"தெரியலைன்னா?"

சன்னலோரத்திலிருந்து எபனேசர் சொன்னான். "தெரியலைன்னா நிரல் நின்னு போயிருக்கணும். நான் அப்படி எழுதல. கார்டு இல்லேன்னா ப்ராசஸரை வச்சே பெரிய பெரிய கட்டமாப் போட்டு முடிச்சுடுன்னு எழுதியிருந்தேன். ஒரே ஒரு வரி எச்சரிக்கை. அது திரையில மேல ஓடிப்போயிடும்."

"பெரிய கட்டம்னா?"

"பத்து மீட்டருக்குப் பதிலா இருநூறு மீட்டர். உங்க ஊருக்கு முன்னாடி இருந்த மணல்மேடு அறுபது மீட்டர் அகலம்மா. இருநூறு மீட்டர் கட்டத்துல அப்படியொரு மேடே இருக்காது."

அமலோற்பவம் என்னைப் பார்த்தார். முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனேன்.

நடைவழிக் குழாயடியில் நின்றபோது அந்த நாள் முழுதாக நினைவுக்கு வந்தது. சரஸ்வதி பூஜை. எங்கள் இயக்குநர் வேங்கடகிருஷ்ணன் சார் மற்ற விஷயங்களில் விஞ்ஞானி. ஆயுதபூஜையன்று மட்டும் ஒர்க்‌ஷாப் முதலாளி. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கீபோர்டுகளை எல்லாம் வாழையிலையில் அடுக்கிப் பூஜையில் வைத்துவிடுவார். மறுநாள் விஜயதசமிக் காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. சர்ச்சில் பாட்டுப் பாடும் எபனேசர்தான் பொரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவான். அன்று நான் குழுவில் பெயர் சேர்த்து முடித்த நேரத்தில் சார் வாசலில் வந்து நின்றார். "அம்மா, கீபோர்டைக் குடுத்துடுங்கோ, நல்ல நேரம் போறது." ஒரே ஒரு நிமிஷம் சார் என்றேன். "ஓடறது ஓடட்டும்மா. கை வைக்காம இருந்தாச் சரி."

வெளியே போய் உள்ளே வர இரண்டு நிமிடம் ஆகும். நான் அப்படியே ஓட்டிவிட்டுக் கீபோர்டைக் கழற்றிக் கொடுத்தேன். திரையின் குறுக்கே சாமந்தி மாலை விழுந்தது. எச்சரிக்கை வரி அதற்குப் பின்னால் ஓடி மறைந்திருக்கும். எல்லோரும் பொரி தின்றோம். நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டிய கணக்கு ஒன்பது மணி நேரம் ஓடியதை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை விடை தயாராக இருந்தது. நல்ல நாள், இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடு என்று சார் சொன்னார், எபனேசர் போட்டான். எங்கள் வாழ்க்கையிலேயே அழகான நாள் அதுதான் என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலைதான் அவன் என்னைத் தன் அம்மாவிடம் கூட்டிப் போனான்.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினால் அமலோற்பவம் நின்றிருந்தார்.

"எங்க பிள்ளைங்களுக்கு அந்த ஊருக்குத் திரும்பிப் போகணும்னு பெரிய ஆசை ஒண்ணும் கெடையாதுக்கா. எனக்கும் கெடையாது, உண்மையச் சொல்லுதேன்" என்றார். "எங்கப்பா மிக்கேல். மணல்மேடு நிக்குதுல்லா, கடலு எப்படி உள்ள வரும்னு ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குனாவ. ஒரு கலர் படத்தைக் காட்டி, இதுல எங்க பெரியவரே மேடுன்னு கேட்டாங்க. தெனமும் ஏறி நின்னு கடலு பாத்த மேட்டை இல்லைன்னு சொன்னா மனுசனுக்கு எப்படி இருக்கும்? பைத்தியம்னு பேரு வாங்கிட்டுத்தான் போனாவ. அந்தப் பேரைத் துடைக்கத்தான் நான் வந்திருக்கேன்."

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். கணக்கு எளிமையானது. பட்டியல்படி ஓட்டினால் பழைய விடை வரும். வழக்குத் தள்ளுபடி, எபனேசருக்கும் பழி இல்லை, எனக்கும் இல்லை, மிக்கேல் பைத்தியமாகவே இருப்பார். யாருக்கும் தெரியாமல் ஒருதரம் லாக்அவுட் செய்துவிட்டு ஓட்டினால் சரியான விடை வரும். ஊர் திரும்பக் கிடைக்கும், எபனேசர் குற்றவாளி ஆவான். முப்பத்திநான்கு வருடமாக நான் ஆசைப்பட்டது அதைத்தான். இரண்டிலும் என் பெயர் எங்கும் வராது. அந்த நினைப்பு எனக்கு ஒரு கணம் இதமாக இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நான் இந்தக் கதையைச் சொல்வதிலேயே அர்த்தமில்லை.

கூடத்துக்குத் திரும்பினேன். இசக்கிராஜ் தேநீர் சொல்லப் போயிருந்தார். எபனேசர் கைத்தடியை ஊன்றி என்னருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"லாக்அவுட் பண்ணிடு நிரோ. அவர் வர்றதுக்குள்ள. அந்தப் பொம்பளைக்கு ஊரு கிடைக்கட்டும்."

"உன்னைக் குற்றவாளின்னு எழுதிடுவாங்க."

"எனக்கு அறுபத்தாறு ஆச்சு. எழுதிட்டுப் போகட்டும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆச்சரியமே இல்லை. காலையிலிருந்து இந்த வரிக்காக மட்டுமே காத்திருந்தவன் மாதிரி இருந்தான். இவனுக்கு முன்னமே தெரியும் என்று அப்போது எனக்கு உறைத்தது. எப்போதிருந்து என்று கேட்க நேரமில்லை.

இசக்கிராஜ் தேநீரோடு வந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, "எழுதிக்குங்க" என்றேன். "பட்டியல்ல உள்ளபடி இப்ப ஓட்டுறேன். பழைய விடைதான் வரும். அது தப்பான விடை. வரி இருநூத்தித் தொண்ணூறுக்கு அப்புறம் வெளியே போய் உள்ளே வந்திருக்கணும். போகல. போகாதது நான். நாளைக்குக் காலையில அந்தப் படியையும் சேர்த்து இன்னொரு தரம் ஓட்டிக் காட்டுறேன்."

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குக் கட்டம் இல்லையே மேடம்."

"ஓரத்துல எழுதுங்க."

மறுநாள் நடுவர் ஷமீமா வந்திருந்தார். ஒன்பது மணி நேரம் ஓடிய முதல் விடை, எழுத்துக்கு எழுத்து பழைய விடையாகவே இருந்தது. கலர் படத்தில் சங்குத்தட்டு முழுக்க நீலம். பிறகு எல்லோர் முன்னாலும் லாக்அவுட் செய்தேன். திரை வெறுமையாகி, என் பெயரைக் கேட்டது, கொடுத்தேன். அவ்வளவுதான். நிரலை ஓட்டினேன். முப்பத்தெட்டாவது நிமிடம் படம் வந்தது. கரையோரமாக, பிறை மாதிரி வளைந்து, ஒரு பழுப்புக் கோடு. மணல்மேடு. அதற்குப் பின்னால் நூற்றிருபது வீடுகளும் உலர்ந்து நின்றன. அமலோற்பவம் திரைக்குப் பக்கத்தில் போய் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டார், எடுக்கவே இல்லை.

நடுவர் இசக்கிராஜின் ஓரக்குறிப்பைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தவறு உங்களுடையதுன்னு சொல்றீங்க."

"ஆமாம்மா."

"மறுஓட்டம் முடிஞ்ச பிறகுதான் வாக்குமூலம் எதையும் வாங்கலாம்னு விதி. மனுதாரர் ஏதாவது தாக்கல் பண்ணணுமா?"

"ஒண்ணு இருக்கும்மா" என்று அமலோற்பவம் கைப்பையைத் திறந்தார். நான்காக மடித்து, மடிப்பில் நைந்துபோன ஒரு தாள். "எங்கப்பா பைபிளுக்குள்ள வச்சிருந்தாவ. அந்தக் காலத்துல எந்த ஆபீஸ்லயும் வாங்கல. வக்கீலு, மிஷினு பேசுன பெறகு குடுன்னு சொன்னாரு."

நடுவர் சத்தமாகப் படித்தார். "'இயந்திரத்தைத் தயார் செய்த நிரோஷா, ஓட்டுவதற்கு முன் வெளியேறித் திரும்ப நுழைய வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டே சென்றார். நான் மறந்துபோய் அப்படியே ஓட்டிவிட்டேன். கணக்கு தவறு. மணல்மேடு இருக்கிறது. இதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. எபனேசர், 27 டிசம்பர் 2034.'"

நான் தாளை எட்டிப் பார்த்தேன்.

"அது பொய்" என்றேன். "நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லிட்டுப் போகல. ஓட்டினது நான்தான்."

"சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று நடுவர் எபனேசரைக் கேட்டார்.

எபனேசர் எழுந்து நின்றான். "பேப்பர்ல உள்ளதுதாம்மா. அதோட, கார்டு இல்லேன்னா நிக்காம ஓடுன்னு எழுதின முட்டாளும் நான்தான்."

நடுவர் பேனாவை மூடினார். "ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுத்தான் நான் பாத்திருக்கேன். ஒரே தப்பை ரெண்டு பேரும் எனக்கு வேணும்னு இழுக்கிறது இதுதான் முதல் தடவை." பிறகு அதைத் திரும்பத் திறந்து, தன் கையாலேயே எழுத ஆரம்பித்தார். விடை தவறு, திருத்தல் இல்லை, நிலம் திரும்புகிறது, கவனக்குறைவு இருவருடையது என்று எழுதினார். இப்படி ஒரு தீர்ப்புக்குச் சட்டத்தில் இடமில்லை, மேலே போனால் நிற்குமா தெரியாது, ஆனாலும் எழுதுகிறேன் என்றார்.

அமலோற்பவம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த ரெண்டாவது படத்துல ஒரு காப்பி குடுங்கம்மா. பெருசா."

வெளியே வாகை மர நிழலில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. எபனேசர் உட்கார்ந்திருந்தான். நானும் போய் உட்கார்ந்தேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நார்வே போய் ஒரு வருஷம் கழிச்சு. அந்த ஓட்டத்தைக் குறிச்சு வச்ச பழைய லாக் கோப்பு ஒண்ணு என் லேப்டாப்ல கிடந்துச்சு. ஒன்பது மணி நேரம்னு இருந்தது. ஒன்பது மணி நேரம்னா கார்டு ஓடலைன்னு அர்த்தம். அப்புறம் அதுலயே இருந்த உன்னோட வரிகளைப் பாத்தேன்." அவன் கைத்தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "ஊரு அதுக்குள்ள இடிஞ்சு போச்சு. ரெண்டு பேரு பேரும் கெடுறதுக்குப் பதிலா ஒருத்தன் பேரு கெட்டாப் போதும்னு தோணுச்சு. என் பேரு ஏற்கெனவே கெட்டுத்தான் இருந்தது."

அதைக் கெடுத்தவள் நான். அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே எபி. நான் உன்னை இத்தனை வருஷம்..." எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில், தீர்ப்பாய வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன்.

"சொல்லத்தான் வந்தேன்" என்றான். "கிறிஸ்துமஸ் லீவுல ஊருக்கு வந்து மிக்கேல் அண்ணன்கிட்ட பேப்பரைக் குடுத்த மறுநாள், உங்க வீட்டுக்கு. உங்கம்மா வந்து, நிரோஷா இல்லையேப்பா, மெட்ராஸ் போயிருக்காளேன்னாங்க."

அந்த நாள் எனக்குத் தெரியும். அறைக்குள் நின்று, இல்லை என்று சொல்லிவிடு என்று அம்மாவிடம் சைகை காட்டியவள் நான்தான்.

"நீ நம்பிட்டியா?"

"இல்ல" என்றான் எபனேசர். "உன் செருப்பு வாசல்ல கிடந்துச்சு."

அதன் பிறகு எவ்வளவு நேரம் அங்கே நின்றாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.